ஃபயர்வாலைக் கழற்றினோம், பாதுகாப்பைக் கழற்றவில்லை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் செய்தியை உங்களில் பலர் எனக்கே அனுப்பி, "என்ன சார் இது?" என்று கேட்டுவிட்டீர்கள். சர்வீஸுக்கு வந்த கணினியிலிருந்து காசு கொடுத்து வாங்கிய ஃபயர்வாலை, அதாவது நெட் வழியாக உள்ளே வருவதையும் வெளியே போவதையும் காவல் காக்கும் மென்பொருளை, நாங்கள் கழற்றிவிட்டோம், இப்போது அந்தக் கணினி திறந்த வீடாகக் கிடக்கிறது என்பதுதான் அதில் இருப்பது. கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொன்னேன். ஆனால் கேட்காமலேயே நம்பிவிட்டவர்களும் இருப்பார்கள் இல்லையா, அவர்களுக்காகவும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

கழற்றியது உண்மை. கழற்றுவதற்கு முன்னால் உரிமையாளரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் கை வைத்தோம். கழற்றியதால் கணினியில் ஃபயர்வாலே இல்லாமல் போய்விட்டது என்பது மட்டும் உண்மையில்லை. விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஃபயர்வால் இருக்கிறது, 2004இல் விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய பதிப்புக்கு இரண்டாவது பெரிய அப்டேட் தொகுப்பு (சர்வீஸ் பேக்) வந்த நாளிலிருந்து அது யாரும் சொல்லாமலேயே ஓடிக்கொண்டிருக்கும். வேறு நிறுவனத்தின் ஃபயர்வாலைப் போட்டால் இது ஒதுங்கி வழிவிடும், அதை எடுத்ததும் மறுபடி வேலைக்கு வந்துவிடும். ஒரே உறையில் இரண்டு கத்தி வேண்டாம் என்றுதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். அது திரும்ப வந்துவிட்டதா என்று திரையில் பார்த்த பிறகே கணினியை உங்கள் கையில் கொடுக்கிறோம்.

ஏன் கழற்றினோம்? அந்தக் கணினியில் இருந்த ஃபயர்வால், வெளியே போகும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சின்னப் பெட்டியைத் திரையில் காட்டி, அனுமதிக்கவா தடுக்கவா என்று கேட்கும் வகை. ஒரு நாள் அது 'எஸ்விசி ஹோஸ்ட்' என்ற பெயரைக் காட்டிக் கேட்டிருக்கிறது. பெயரைப் பார்த்தால் யாருக்குமே சந்தேகம் வரும், உரிமையாளரும் தடு என்று அழுத்தி, இனி கேட்காதே என்பதிலும் டிக் போட்டுவிட்டார். அவர் மேல் தவறே இல்லை, தெரியாததைத் தடுப்பதுதான் நல்ல புத்தி. ஆனால் எஸ்விசி ஹோஸ்ட் என்பது விண்டோஸின் சொந்தச் சேவைகள் பல குடியிருக்கும் இடம். இணையதளப் பெயரை முகவரியாக மாற்றித் தருவது, விண்டோஸ் அப்டேட்டை இறக்குவது எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கிறது. அதைத் தடுத்தால் வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டும், ஒரு தளமும் திறக்காது, அப்டேட்டும் நின்றுபோகும். "நெட் வரவில்லை" என்று எங்களிடம் வந்த கணினி அது. பூட்டு நன்றாகத்தான் இருந்தது, அப்டேட் நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற கெட்ட நிரல் உலகம் முழுக்கக் கணினிகளை முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

பதில் சொல்லத் தெரியாத கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கும் மென்பொருள், நாலு நாளில் எல்லாவற்றுக்கும் சரி போட நம்மைப் பழக்கிவிடும். இதில் நான் பிடிவாதமாகத்தான் இருக்கிறேன்.

வெளியே போவதைக் கட்டுப்படுத்தவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் ஃபயர்வால் உள்ளே வருவதைத் தடுக்கும், வெளியே போவதை நாமாக விதி போடாதவரை விட்டுவிடும், அது அதன் குறைதான். அந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களுக்கு டைனிவால் என்ற சின்ன நிரலைப் போட்டுத் தருகிறோம். அது விண்டோஸின் ஃபயர்வாலோடு சேர்ந்தே வேலை செய்யும், பெட்டி காட்டித் தொல்லை செய்யாது. நீங்கள் அனுமதித்த நிரல்கள் மட்டும் வெளியே போகும், மற்றவை சத்தமில்லாமல் நின்றுவிடும். ஒவ்வொன்றையும் தானே பார்த்து முடிவு செய்யும் பொறுமை இருப்பவருக்கு சிம்பிள்வால் என்ற இன்னொரு நிரல் சரி. அப்புறம், எதைப் போட்டாலும் வெளியிடத்து வைஃபையில் நெட்வொர்க் வகையை 'பப்ளிக்' (பொது இடம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். புது நிரல் ஒன்று அனுமதி கேட்டால் பப்ளிக் பக்கத்தில் டிக் போடாதீர்கள். இந்த ஒரு பழக்கம் பாதிக் கவலையைக் குறைக்கும்.

ஆனால் ஃபயர்வாலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இன்றைக்கு எங்களிடம் வரும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் கெட்டது கதவை உடைத்து வந்ததில்லை, உரிமையாளரே இறக்கி, இருமுறை கிளிக் செய்து திறந்தது. பில் என்று மெயிலில் வந்த ஃபைல், இலவச பிடிஎஃப் மாற்றி, கிராக் செய்த மென்பொருள். இதற்கு வேண்டியது சந்தேகமான ஒன்றைத் தனியாக அடைத்து ஓட்டிப் பார்க்கும் வசதி.

விண்டோஸ் 10, 11 ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு அது உள்ளேயே இருக்கிறது, விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்று பெயர், 2019இல் வந்தது. திறந்தால் புத்தம் புதிய விண்டோஸ் ஒன்று ஜன்னலுக்குள் தெரியும். ஃபைலை அதற்குள் ஒட்டித் திறந்து பார்த்துவிட்டு மூடினால், உள்ளே நடந்த அத்தனையும் அழிந்துவிடும். குறைந்தது 4 ஜிபி ரேம் வேண்டும், பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பில்) விர்ச்சுவலைசேஷன், அதாவது கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வசதி, இயங்க வேண்டும். அதற்குள்ளும் நெட் இயல்பாகவே ஓடும் என்பதால், மோசமான சந்தேகம் இருந்தால் நெட்டை நிறுத்திவிட்டுத் திறக்கும் அமைப்பு ஃபைல் ஒன்றை எழுதித் தருகிறோம். ஹோம் பதிப்பில் இந்த சாண்ட்பாக்ஸ் கிடையாது. அவர்களுக்கு நான் சொல்வது சாண்ட்பாக்ஸி பிளஸ், நிரலை ஒரு பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் தனி மென்பொருள். பழைய சாண்ட்பாக்ஸி 2004லிருந்தே இருப்பது, 2020இல் அதன் மூலநிரலை யாரும் எடுத்துப் பார்த்து மாற்றும்படி திறந்துவிட்டார்கள், அதன் தொடர்ச்சிதான் இது. அதற்குள் ஓடும் நிரல் எழுதுவதெல்லாம் பெட்டிக்குள்ளேயே தங்கும், பெட்டியைக் காலி செய்தால் போய்விடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரணப் பெட்டிக்குள் இருக்கும் நிரலால் உங்கள் ஆவணங்களை மாற்ற முடியாதே தவிர படிக்க முடியும். அதனால் சந்தேகமான ஒன்று உள்ளே ஓடும்போது அதே பெட்டியில் வங்கிக் கணக்கைத் திறக்கவே கூடாது. வேண்டிய ஃபோல்டர்களைப் படிக்கவும் முடியாமல் மூடிவைக்கலாம், கேளுங்கள், செய்து தருகிறோம்.

கொமோடோ பற்றியும் சிலர் கேட்டீர்கள். ஃபயர்வாலும், நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் வசதியும் ஒன்றாக வரும் மென்பொருள் அது, தனக்குத் தெரியாத நிரலைத் தானாகவே அடைத்துவிடும். விவரம் தெரிந்தவர் கையில் வலுவானது. ஆனால் உங்கள் அலுவலக மென்பொருள் யாரோ ஒருவர் எழுதித் தந்த சின்ன நிரலாக இருந்தால் அதையும் தெரியாததாக நினைத்து அடைத்துவிடலாம், அப்போது அதில் பதிவு செய்த கணக்குகள் அடைப்புக்குள்ளேயே தங்கிவிட, அவை எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கும். அதனால்தான் கேட்டவர்களிடம் உடனே சரி என்று சொல்லவில்லை.

அந்தச் செய்தியைப் பார்த்த பிறகும், "நீங்க காரணமில்லாம செய்ய மாட்டீங்க" என்று போன் செய்து சொன்னவர்கள் இருக்கிறீர்கள். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று சொல்லத் தெரியவில்லை. முதல் கணினியிலிருந்து இன்றுவரை எங்களிடமே வருகிறவர்கள், பிள்ளைகளின் லேப்டாப்பையும் எங்களிடமே கொடுத்தவர்கள், உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

எங்கள் மூத்த டெக்னீஷியன் விலகிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை போன் உதவி இப்போதைக்கு இல்லை, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் அடுத்த புதுப்பிப்பிலிருந்து கொஞ்சம் கூடும்.

பழைய ஃபயர்வாலே வேண்டும் என்பவர்கள் லைசென்ஸ் எண்ணோடு கணினியைக் கொண்டு வாருங்கள், கட்டணம் இல்லாமல் திரும்பப் போட்டு, எஸ்விசி ஹோஸ்டுக்கு அனுமதியும் வைத்துத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் கணினி சர்வீஸ் கடைக்காரர்