ஜெர்ரி குவாரி தோற்றது எங்கே?

ஐயா,

செல்லூர் டீக்கடையில் நேற்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். புருவம் மட்டும் கிழியாமல் இருந்திருந்தால் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜெர்ரி குவாரி ஹெவிவெயிட் சாம்பியன் ஆகியிருப்பார் என்று நண்பர் அடித்துச் சொன்னார். 1970-ல் அட்லாண்டாவில் முகமது அலியுடன் மோதியபோது 3 சுற்றோடு ஆட்டம் நின்றதற்குக் காரணம் அந்தக் காயம்தான், மறுக்கவில்லை. இளவயதில் கையுறை மாட்டிய எனக்கும் இடது புருவத்தில் தையல் உண்டு. ரத்தம் கண்ணுக்குள் இறங்கிவிட்டால் எதிராளி இரண்டாகத் தெரிவான்.

ஆனால் குவாரி பட்டத்தைக் கோட்டைவிட்டது 1968-ல், ஓக்லண்டில். காலியாக இருந்த உலகக் குத்துச்சண்டைச் சங்கப் பட்டத்துக்காக ஜிம்மி எல்லிஸுடன் 15 சுற்று. எதிராளி பாய்ந்தால் திருப்பி அடிப்பதில் குவாரி கெட்டிக்காரர். எல்லிஸ் பாயவில்லை, இவரும் காத்தே நின்றார். புள்ளிகள் போயின. அடுத்த ஆண்டு ஜோ ஃப்ரேஸியர் முட்டிக்கொண்டு வந்தார். அங்கே பொறுமையாக நிற்க வேண்டியவர் சரிக்குச் சரி மோதி, 7 சுற்றோடு முடிந்துபோனார். இந்த இரண்டு இரவுகளின் திட்டத்தையும் மாற்றிப் போட்டிருந்தால்?

1973-ல் ரான் லைலை வென்று, எர்னி ஷேவர்ஸை முதல் சுற்றிலேயே சாய்த்தவருக்கு அப்போதைய சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனோடு மோதும் வாய்ப்பு கிடைக்காதது அநியாயம். 1974-ல் மறுபடி ஃப்ரேஸியரிடமே அடி வாங்கினார். எனக்கு மனசு ஆறாதது வேறொன்று: 1992-ல், 47 வயதில், அவரை மீண்டும் மேடை ஏற விட்டார்கள். 1999-ல் இறந்தபோது வயது 53. வாங்கிய அடிகளால் மூளை சிதைந்திருந்தது.

இப்படிக்கு,
பழைய குத்துச்சண்டைக்காரன்,
செல்லூர், மதுரை.