குணமதியார் செய்வித்த திருமேனி

நாகமலை புதுக்கோட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நலம். உன் நலமும் மருமகள், பாப்பா நலமும் அறிய ஆவல்.

முழங்கால் வலியோடு மலையேறுவதா என்று போனில் கோபித்துக்கொண்டாய். போனில் உனக்கு என் பேச்சை முழுக்கக் கேட்கப் பொறுமை இருப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மலைகளையும் பழைய சின்னங்களையும் பார்க்க நடந்து போகிற பசுமை நடைக்காரர்களோடு கீழக்குயில்குடி சமணமலைக்குப் போனேன். 2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கப் போவதாகப் பேச்சு வந்து, ஒத்தக்கடை, நரசிங்கம் சனங்கள் மலையைத் தொடவிடமாட்டோம் என்று நின்றார்களே, அப்போது தொடங்கிய நடை இது. ஞாயிறு விடிகாலையில் கூடுவோம். யாரோ ஒரு தம்பி இருட்டிலேயே பைக்கில் வந்து முக்கில் நின்று வழிகாட்டுகிறான். ஒருத்தி சாம்பார் வாளியைக் காவந்து பண்ணுகிறாள். சாப்பிட்ட ஆலமரத்தடியில் ஒரு காகிதம் கிடக்கக் கூடாது, அது என் பொறுப்பு. நீ போன மாதம் அனுப்பிய பணத்தில் கொஞ்சம் காலை இட்லிக்குக் கொடுத்துவிட்டேன். கோபிக்காதே.

சின்னப் பிள்ளையில் அய்யனார் கோயிலுக்கு வரும்போது செட்டிப்புடவுக் குகையில் இருக்கிற சிலையை உன்னைத் தூக்கிக் காட்டி, "செட்டியார் சாமி, கும்பிட்டுக்கோ" என்பேன். காது நீளமாக இருப்பதால் ஊரில் அப்படிச் சொல்வது. அது மகாவீரராம். இத்தனை வருசம் பக்கத்திலேயே குடியிருந்தும் எனக்குத் தெரியாது, கதிர். உனக்கும் தப்பாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மேலே பேச்சிப்பள்ளத்தில், சுனைக்குப் பக்கத்துப் பாறையில், எட்டு உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆயிரம் வருசத்துக்கும் மேலானவை. கீழே வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து. எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. கூட வந்த தொல்லியல் அய்யா கல்லில் விரல் படாமல் காட்டிக் கூட்டிக்கூட்டிப் படித்தார்: "அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி."

தாயார் என்றதும் எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. அச்சணந்தி சமணத் துறவி. யானைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, அந்தப் பக்கம் உத்தமபாளையம் என்று மலைமலையாக அவர் பேர் வெட்டியிருக்கிறதாம். பிள்ளை அப்படிச் சுற்றிக்கொண்டிருக்க, அந்த அம்மா அவரை எத்தனை முறை கண்ணால் பார்த்தாளோ. ராசாக்கள் பேர் நூறு கேட்டிருக்கிறேன். ஒரு துறவியைப் பெற்றவளின் பேரைக் கல்லில் கண்டது இதுதான் முதல் தடவை.

அந்தப் பாறைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் எவனோ பெயின்டில் தன் பேரையும் ஒரு பெண் பேரையும் கிறுக்கியிருக்கிறான். வயிறு எரிந்தது. அடுத்த தடவை பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவரப் போகிறார்கள். குணமதியார் கதையை நான் சொல்கிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். மலையேறாமல் அதை எப்படிச் சொல்ல?

டிசம்பரில் வரும்போது பாப்பாவுக்கு நல்ல பிடிமானமுள்ள செருப்பு வாங்கி வா. பனியில் படி வழுக்கும்.

இப்படிக்கு,
அம்மா