கூட்டுப் பணத்தை வைத்துவிட்டுத்தான் வருவாயா?

தம்பி,

பசியாறிவிட்டாயா? உன் மெசேஜைப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு போன அம்மாவின் கூட்டுப் பணம், அதாவது சீட்டுப் பணம், முழுவதையும் சேர்த்துக்கொண்டுதான் சுங்கை சிப்புட் பக்கம் தலைகாட்டுவேன், அதுவரை சபைக்கும் போகமாட்டேன், எந்த முகத்தோடு ஜெபிப்பது என்று எழுதியிருக்கிறாய். மூன்று வருடமாகிவிட்டது. இப்படியே போனால் என்னைப் பெட்டியில் வைத்த பிறகுதான் வருவாய் போலிருக்கிறது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ பிறந்த வருடம் மழை விடவில்லை, மாதத்தில் பாதி நாள் ரப்பர் மரவெட்டு இல்லை, உனக்குப் பால்மாவு வாங்கக்கூடக் காசில்லை. ஒருநாள் ரப்பர் பால் வாளியில் ஓடைத் தண்ணீரைக் கலந்துவிட்டேன். ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி, பாலின் தரம் பார்க்கும் மிதவைக் கருவியான மெட்ரோலாக்கை விட்டுப் பார்த்தார். ரப்பர் பால் தண்ணீரைவிட லேசு, அதனால் நல்ல பாலில் அது ஆழமாக அமிழும், தண்ணீர் சேர்ந்தால் மேலே எழும்பி நிற்கும். அன்றைக்கு எழும்பி நின்றது, என் பின்னால் வரிசையில் இருந்த எல்லோரும் பார்க்க. கிராணி ஒன்றும் பேசவில்லை, கூலிப் பதிவேடான செக்ரோலில் என் பேரை அடித்துவிட்டார். அந்த மாதம் முழுக்க நான் சபைக்குப் போகவில்லை, உன்னைப் போலத்தான்.

போதகர் லயத்துக்கே வந்துவிட்டார். முக்காலியில் உட்கார்ந்து, முதலில் காப்பி கேட்டார், அப்புறம் சகேயுவைப் பற்றிச் சொன்னார். அவன் வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குத் தலைவன், ஊர் பணத்தைத் தின்றவன். இயேசு அவன் ஏறியிருந்த மரத்தடியில் நின்று, இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்கவேண்டும் என்கிறார். நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவன் சொன்னது அதற்கு அப்புறம்தான். லூக்கா 19, நீயே எடுத்துப் பார். பணத்தைக் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை, கொடு, ஆனால் முதலில் வா.

கிருபை என்றால் கர்த்தர் கண்டும் காணாமல் விட்டுவிடுவது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாளியில் எவ்வளவு தண்ணீர் என்று எந்த மெட்ரோலாக்கையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே, கணக்கில் துண்டு விழுந்ததைத் தன் கையிலிருந்து போட்டார். சிலுவை என்று நாம் சொல்வது அதைத்தான்.

உன் அண்ணன் கோபமாகத்தான் இருக்கிறான், மறைப்பானேன். மத்தேயு 20இல் விடியற்காலையிலிருந்து திராட்சத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் அதே ஒரு பணம்தான் கூலியா என்று முறுமுறுத்தார்களே, அந்த முறுமுறுப்பு. எனக்கும் அந்த உவமை வெகுகாலம் பிடிக்கவே பிடிக்காது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பத்து நிமிடம் பிந்தியதற்கு வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவன் நான், எந்த தவுக்கே, எந்த முதலாளி அப்படிச் சம்பளம் போடுவான்? ஐந்து மணிக்கு வந்தவன் நானேதான் என்று புரிந்த பிறகுதான் பிடித்தது. உன் அண்ணனுக்கும் ஒருநாள் புரியும், நீ வந்து எதிரில் உட்கார்.

இன்னொன்று. கூட்டுக்கு அம்மா மாதாமாதம் கட்டி முடித்து ஒரு வருடமாகிறது. உனக்குச் சொல்லக்கூடாது என்றாள், நான் சொல்லிவிட்டேன், காட்டிக்கொடுத்துவிடாதே.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஜொகூரில் பஸ் ஏறு. ஈப்போ அமான் ஜெயா பஸ் நிலையத்தில் இறங்கி போன் அடி, எந்நேரமானாலும் மோட்டாரில் வருகிறேன். டிக்கெட்டுக்குக் காசில்லை என்றால் சொல், அனுப்புகிறேன். அதைக் கடனில் சேர்க்கமாட்டேன்.

அப்பா