கற்பிக்கவும் பயிற்சி வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எவ்வளவு கட்டணம் என்பதே பேச்சு. வகுப்பில் நிற்பவர் பாடம் நடத்த எங்கே கற்றுக்கொண்டார் என்று யாரும் கேட்பதில்லை. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்த பி.எட். வேண்டும். பொறியியல் கல்லூரிக்கு எம்.இ. இருந்தால் போதும்.

எங்கள் வேலூர் பாகாயத்திலேயே சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, தந்தை பெரியார் அரசினர் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. மருத்துவப் பேராசிரியர்கள் பதவி உயர்வு பெற, கற்பித்தலில் அடிப்படைப் பயிற்சி கட்டாயம். அதைத் தரும் மையங்களில் சி.எம்.சி.யும் ஒன்று. சக ஆசிரியர்கள் முன்னிலையில் சிறிது நேரம் பாடம் நடத்திக் காட்டி, குறைகளைக் கேட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். டாக்டர்களுக்கே கூச்சமில்லை!

பொறியியல் பக்கம் திட்டங்கள் இல்லாமல் இல்லை. தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சிக்கென்றே தரமணியில் 1964 முதல் ஒரு நிறுவனம் இயங்குகிறது. யு.ஜி.சி. 2023இல் கல்லூரி ஆசிரியர்களுக்கான மாளவியா மிஷன் பயிற்சியைத் தொடங்கியது. ஆனால் கல்லூரிகளில் நடக்கும் எஃப்.டி.பி. எனும் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிகளின் தலைப்புகளைப் பாருங்கள்: செயற்கை நுண்ணறிவு, ட்ரோன், சைபர் பாதுகாப்பு. எல்லாம் பாடப்பொருள். கேமராவை அணைத்துவிட்டு ஐந்து நாள் ஆன்லைனில் இருந்தால் சான்றிதழ் வந்துவிடும்.

மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன்மேல் விசை உண்டா? நியூட்டன் விதிகளை மனப்பாடமாக எழுதித் தேறிய மாணவர் பலர் "இல்லை" என்பார்கள். ஆனால் புவியீர்ப்பு விசை அப்போதும் உண்டு. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் இதற்கு ஒரு வழி கையாண்டார். கேள்வியைப் போட்டு, ஒவ்வொருவரையும் விடை சொல்லவைத்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு, மறுபடி கேட்பது. செலவு எதுவும் இல்லை. எங்கள் மாவட்டத்து ஊர்களான அணைக்கட்டிலிருந்தும் கே.வி.குப்பத்திலிருந்தும் தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைகள் தங்களுக்குள் தமிழிலேயே வாதாடலாம்.

2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் தோல்வி சுமார் 34 சதவீதம். மாணவர்கள் பங்கெடுத்த வகுப்புகளில் 22.

சிலபஸ் முடியாது என்பார்கள் நம் பேராசிரியர்கள். அதுவும் பொய்யில்லை. அதனால் முழு செமஸ்டரையும் மாற்றச் சொல்லவில்லை, வாரம் ஒரு பீரியட் போதும். அந்த வகுப்பில் வேறு துறை ஆசிரியர் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கட்டும். துறைத் தலைவர் மட்டும் வேண்டாம், அது இன்ஸ்பெக்‌ஷன் ஆகிவிடும். இப்படிக் கவனித்துப் பேசியதையும் எஃப்.டி.பி. போலவே பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுக்க உயர்கல்வித் துறை உத்தரவிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற இயற்பியல் விரிவுரையாளர், காட்பாடி