போன தம்பியைத் திரும்பப் பதிய முன்னர்: கழக நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் 16, 18 வயதுப் பிரிவுகளில் விளையாடி, பிறகு கொழும்புக்கும் அங்கிருந்து மாலைதீவுக்கும் போன தம்பியை இந்தப் பருவத்துக்கு மீண்டும் பதிவதா என்று நீங்கள் முடிவெடுக்க இருக்கிறீர்கள். எடுங்கள் என்பதுதான் எங்கள் கருத்து. ஆனால் 'எங்கட பிள்ளை' என்ற ஒரே காரணத்துக்காகப் பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தி எடுக்காதீர்கள். பதிவும் முழங்காலும் சரியென்று தெரிந்த பிறகே கையொப்பம் இடவேண்டும்.

முதலில் பதிவு. கடைசியாக அவர் விளையாடிய கழகம் கையில் கொடுத்த விடுவிப்புக் கடிதம் மட்டும் போதாது. வேறு நாட்டுச் சம்மேளனத்தில் பதிவாகியிருந்த வீரர் இங்கே ஆட வேண்டுமானால் சர்வதேச இடமாற்றச் சான்றிதழ் வேண்டும். அதைக் கேட்பது இலங்கைச் சம்மேளனம், கொடுப்பது மாலைதீவுச் சம்மேளனம். பதிவுக்காலம் முடிவதற்குள் கேட்காவிட்டால் தம்பி பருவம் முழுக்க வாங்கில்தான் இருப்பார்.

இன்னொரு விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொழில்முறை வீரராகப் பதிவாகியிருந்தவர், அந்தத் தகுதியில் ஆடிய கடைசிப் போட்டியிலிருந்து குறைந்தது 30 நாள் கழியாமல் மீண்டும் அமெச்சூர் வீரராக, அதாவது சம்பள ஒப்பந்தம் இல்லாதவராக, பதிவு செய்ய முடியாது. எங்கள் கழகம் அமெச்சூர் கழகம். ஆகவே அவருடைய கடைசிப் போட்டியின் திகதியை வாய்ப்பேச்சில் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள். ஒரு பருவத்தில் ஒருவர் 3 கழகங்களில் பதிவாகலாம், ஆனால் பொதுவிதிப்படி 2 கழகங்களுக்கு மட்டுமே உத்தியோகபூர்வப் போட்டியில் இறங்கலாம். கொழும்பிலும் மாலைதீவிலும் ஒரே பருவத்துக்குள் ஆடியிருந்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். தகுதியில்லாத ஒருவரை இறக்கினால் வென்ற ஆட்டமும் 3–0 என்று எதிரணிக்குப் போய்விடும். அந்த இழப்பு மற்றப் பெடியள் அத்தனை பேரின் உழைப்பிலும் விழும்.

அடுத்தது முழங்கால். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைத்து வைத்திருக்கும் ஏ.சி.எல். என்ற இணையத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தவர் என்பது ஊருக்கே தெரியும். குறைந்தது 9 மாதம் கழியாமல் போட்டிக்கு இறங்குவது ஆபத்து. அதற்கு முன் திரும்பியவர்களில் மறுபடி காயப்படுவோர் அதிகம். மாதக் கணக்கும் தனியே போதாது. ஒற்றைக் காலால் பாய்ந்து அதே காலில் நிலையாக இறங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை கொடுத்து, கூடிய தூரத்தை எடுங்கள். நல்ல கால் 160 சென்ரிமீற்றர் பாய்ந்தால், காயப்பட்ட கால் 144 ஆவது பாயவேண்டும், அதாவது 90 சதவீதம். தூரம் வந்தாலும் இறங்கும்போது முழங்கால் உள்ளே சரிந்தால் சித்தி இல்லை. மறுநாள் காலையில் முழங்காலைத் தொட்டுப் பாருங்கள். வீங்கியிருந்தால் உடம்பு இன்னும் அந்தச் சுமைக்கு ஆயத்தமாகவில்லை.

அதில் தேறினால் யோ-யோ ஓட்டம், அதாவது ஒலிப்பதிவில் வரும் சத்தத்துக்கு ஏற்ப வரவர வேகமாகப் போய்வரும் ஓட்டம். கூம்புகளை 20 மீற்றர் இடைவெளியில் வையுங்கள், பின்னால் 5 மீற்றரில் இன்னொன்று. போய்வரும் ஒவ்வொரு 40 மீற்றருக்கும் பிறகு 10 செக்கன் நடை. இரண்டு முறை சத்தத்துக்கு முன் கோட்டைத் தொடத் தவறினால் நிறுத்த வேண்டும். அவரைத் தனியாக ஓடவிடாதீர்கள். இப்போது மத்திய களத்தில் நிற்கும் மூன்று பெடியளையும் அதே நாளில், அதே தரையில், அதே சப்பாத்து வகையோடு ஓடவிட்டால்தான் ஒப்பீடு நேர்மையாகும். மாரி மழையில் ஊறிய செம்மண்ணில் ஒருவரையும் சித்திரை வெயிலில் இறுகிய தரையில் இன்னொருவரையும் ஓடவிட்டு எடுத்த கணக்கு எதற்கும் உதவாது.

பதிந்த பின் முதல் எட்டுக் கிழமைக்கு, அணிக்கு 7 பேர் கொண்ட மின்னொளிப் பந்தயங்களில் இறங்கமாட்டேன் என்று எழுதி வாங்குங்கள். சின்னக் களத்தில் நின்று திரும்புவது அதிகம், பனி விழுந்த புல்லில் கால் வழுக்கும். எங்கள் பக்கத்தில் திரும்பிவந்த முழங்கால்கள் மறுபடி போவது பெரும்பாலும் அங்கேதான். பீபாவின் '11 பிளஸ்' உடற்சூட்டுப் பயிற்சியை, 20 நிமிடந்தான், கிழமைக்கு இரண்டு முறையாவது முழு அணியும் செய்யட்டும். அவருக்கு மட்டும் தேவையான ஒன்றல்ல அது.

எந்த இடத்துக்கு எடுக்கிறோம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2004 இல் ஸ்பெயினின் பார்சிலோனாக் கழகத்தை விட்டுப்போன ஜெராட் பிக்கே 2008 இல் திரும்பினார். ஜேர்மனியின் டோர்ட்முண்ட் கழக இளையோர் அணியிலிருந்து போன மார்கோ ரொய்ஸ் 2012 இல் திரும்பினார். இருவருக்கும் நிற்க இடம் இருந்தது, வருமுன்னரே முதல்தர ஆட்டங்கள் கையில் இருந்தன. 2012 இல் போய் 2016 இல் சாதனைத் தொகைக்கு மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்குத் திரும்பிய போல் பொக்பாவுக்கோ, மத்திய களத்தில் எங்கே நிறுத்துவது என்பதே கடைசிவரை தீரவில்லை. எங்களுக்குக் குறைவாக இருப்பது பின்களத்துக்கு முன்னால் நின்று பந்தைப் பறிப்பவர். தம்பி அங்கே நிற்கச் சம்மதித்தால் நல்லது. முன்களந்தான் வேண்டுமென்றால், அங்கே வளர்ந்துவரும் 19 வயதுப் பெடியனின் இடத்தைப் பறித்துக் கொடுக்க நாங்கள் ஒப்பமாட்டோம்.

காசு விடயத்தில் ஒன்றுதான். வெளிநாட்டு உறவுகள் இளையோர் பிரிவுக்கென்று அனுப்பும் காசிலிருந்து ஒரு சதமும் இதற்கு எடுக்கக் கூடாது. பயணச் செலவும் ஆட்டத்துக்கு ஆட்டம் படியும் கொடுங்கள், பருவத்துக்கென்று மொத்தமாகக் கொடுக்க வேண்டாம்.

அவருடைய பழைய பதிவுத் தாள்களையும் தேடி எடுத்து வையுங்கள். நாளை அவர் பணத்துக்கு வேறு நாட்டுக் கழகம் மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கழகங்களுக்குப் பிரியும். 16 வயதிலிருந்து ஓர் ஆண்டுக்கு 0.5 சதவீதம். தாள் இல்லாவிட்டால் எங்கள் பங்கைக் கேட்க முடியாது.

பாய்ச்சலுக்கும் ஓட்டத்துக்கும் அளவு நாடா, கூம்பு, ஒலிப்பதிவு எல்லாம் எங்களிடம் உண்டு. நிர்வாகம் ஒரு பின்னேரம் மைதானத்தைத் திறந்துவிட்டால் நாங்கள் கோடு போட்டு, முடிவுகளை அன்றைக்கே எழுதிச் செயலாளரிடம் தருகிறோம்.

இப்படிக்கு,
கழகத்தின் முன்னாள் பயிற்றுநர்களும் வீரர்களும்
யாழ்ப்பாணம்