அந்த டிரங்குப் பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து போய்க் கடற்படையின் விமானப் பிரிவில் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர்களுக்கும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். என் பெரியப்பா கொச்சியில் சீலாண்ட் விமானத்துக்கு மெக்கானிக்காக இருந்தவர். நம் கடற்படை 1953இல் முதன்முதலாகச் சொந்தமாக வைத்துக்கொண்ட விமானம் அதுதான். வட அயர்லாந்தின் பெல்பாஸ்டில் ஷார்ட் கம்பெனி கட்டியது. அடிவயிறு படகு, இறக்கைக்குக் கீழே பக்கத்துக்கொரு மிதவை, இறக்கையில் இரண்டு ஜிப்ஸி குயின் எஞ்சின். சக்கரத்தை இறக்கினால் தரை, மடக்கினால் தண்ணீர். சின்ன வயதில், நம்ம தெப்பக்குளத்தில் இறங்குமா என்று கேட்டேன். “அது காணாதுடா. வைகை டேம்னா பாக்கலாம்” என்றார்.

கட்டியதே மொத்தம் 25 விமானங்கள். அதில் பத்து நம்மிடம் வந்தன. அந்தப் பத்தில் ஒன்று கோவாவில், கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பெல்பாஸ்ட் பக்கம் ஒன்றும் செர்பியாவின் பெல்கிரேடில் ஒன்றும் இருக்கின்றன.

பறக்கும் படகைக் காப்பாற்றுவது மற்ற விமானத்தைக் காப்பாற்றுவது போல இல்லை என்பார் பெரியப்பா. தண்ணீர் உள்ளே வரக்கூடாதென்று கட்டிய வயிறு, உள்ளே விழுந்த மழைத் தண்ணீரை வெளியேயும் விடாது. அடியில் இருக்கும் வடிகால் அடைப்பான்களைத் திறந்து வைக்காவிட்டால் அது தொட்டிதான். இரும்பு போல அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது, வெள்ளையாகப் பூக்கும். எஃகு போல்ட்டு அலுமினியத் தகட்டைத் தொடுகிற இடத்தில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் முதலில் அரிபடுவது தகடுதான். பூத்ததைச் சுரண்டாமல் மேலே பெயிண்ட் அடித்தால் பார்வைக்குப் புதுசு, ரிவிட் வரிசைக்குக் கீழே தகடு பொருமிக்கொண்டிருக்கும். கடலில் இறங்கி வந்த விமானத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் கொட்டகையில் ஏற்றமாட்டார்களாம். ரிவிட் ரிவிட்டாக விரலால் தடவிப் பார்ப்பாராம். வீட்டில் எவர்சில்வர் குடத்தையும் அப்படித்தான் தடவிப் பார்ப்பார், பெரியம்மாவுக்கு எரிச்சலாக வரும்.

இதையெல்லாம் அவர் எழுதி ஒரு நீல டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். இரண்டு நோட்டு, கொஞ்சம் போட்டோ. எந்த விமானத்தில் எந்தத் தகடு மாற்றியது, உள்பக்கம் என்ன நிறம், எல்லாம் இருந்தது. அவர் காரியம் முடிந்த அடுத்த வாரம் வீட்டை ஒதுங்க வைத்தோம். பெட்டியோடு சேர்த்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டது வேறு யாருமில்லை, நான்தான். தராசில் ஏற்றும்போது ஒரு போட்டோ நழுவி விழுந்தது. சட்டையில்லாத நாலு பேர் மிதவைமேல் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். அதை எடுத்து நானேதான் மறுபடி கட்டுக்குள் சொருகினேன்.

புழல் ஏரியிலிருந்து இரண்டாம் உலகப்போரில் கேட்டலினா பறக்கும் படகுகள் கிளம்பின என்றால் இன்று சென்னைக்காரர்களே பாதிப்பேர் நம்புவதில்லை. சீலாண்டும் அப்படி ஆகிவிடக்கூடாது. கோவாவில் இருப்பது உடம்பு. அதற்கு என்ன வைத்தியம் நடந்தது என்ற சீட்டு உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். புதிதாகப் பெயிண்ட் அடிக்கப்போகிறவருக்கு 1950களின் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்கூட எண் எங்கே எழுதியிருந்தது, பட்டை எவ்வளவு அகலம் என்று சொல்லிவிடும்.

ஐயாமாரே, உங்களில் பலருக்கு எண்பது தாண்டியிருக்கும். போட்டோவுக்குப் பின்னால் பென்சிலால் ஆள் பெயரும் ஊரும் எழுதி வையுங்கள், பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். பிள்ளைகளே, தாத்தா பேச ஆரம்பித்தால் செல்போனில் பதிவு செய்யுங்கள், அதே கதையை நாலாவது முறை சொன்னாலும் சரி. நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஒரு பிரதியை அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். மூலத்தைக் கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம்.

எங்கள் வீட்டில் தப்பியது ஒரே ஒரு ஸ்பேனர். 3/8 டபிள்யூ என்று அடித்திருக்கும், விட்வொர்த் என்ற பழைய இங்கிலீஷ் அளவு, இந்தக் காலத்து நட்டுகளில் பலவற்றுக்குச் சேராது. அண்ணன் தன் பழைய புல்லட்டுக்கு அதைத்தான் போடுகிறான். கோவாவுக்குக் கொடுத்துவிடலாமா என்று போன வாரம் கேட்டேன். வண்டியை விற்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறான்.

இப்படிக்கு,
பெட்டியை எடைக்குப் போட்டவன்,
மதுரை