யேகரும் ஃபிராங்க்ஃபர்ட் சர்வரும்

பெங்களூரு
20.12.2020

அன்புள்ள சிவராமனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கண்புரை ஆபரேஷனைத்தான் கொரோனா ஓயட்டும் என்று டாக்டர் தள்ளிப் போட்டுவிட்டார். மகனுக்கு வீட்டிலிருந்தே வேலை, பேத்திக்கு ஆன்லைன் வகுப்பு. ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு நேரம் கிடக்கிறது. அமெரிக்கத் தேர்தலில் டிரம்பைத் தோற்கடிக்க மோசடி நடந்தது என்று நீ டல்லாஸிலிருந்து அனுப்பும் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் சண்டையில் போய் முடியும், அதனால்தான் பழையபடி கடிதம். மகன் ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்புவான்.

ஒலி வேகத்தை முதலில் தாண்டிய அமெரிக்க விமானி சக் யேகர் 7ஆம் தேதி போய்விட்டார் என்பதை உன் மெசேஜில்தான் முதலில் பார்த்தேன். மனசு கனத்துவிட்டது. அதற்குக் கீழேயே, ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே தேதியில் ஒரு ஜெனரல் சாவது தற்செயலா, யோசி என்று ஒரு ஃபார்வர்டு. யோசித்தேன் மாப்பிள்ளை. 97 வயது மனிதர் எந்தத் தேதியில் போனாலும் அந்தத் தேதியில் முன்னே ஏதாவது நடந்திருக்கத்தான் செய்யும்.

1947 அக்டோபர் 14, கலிஃபோர்னியாவின் மூராக் பாலைவனம், அவர் ஒலி வேகத்தைத் தாண்டிய நாள். குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்ததை மேலதிகாரிகளிடம் மறைத்தது, விமானத்தின் கதவை இழுத்துச் சாத்தப் பொறியாளர் ஜாக் ரிட்லி துடைப்பக் கழியை அறுத்துக் கொடுத்தது எல்லாம் பாலிடெக்னிக் விடுதியில் நாம் பேசிப் பேசித் தேய்த்த கதை. வயதான பிறகு எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்குச் சில நாள் முந்தைய பறப்பு. மாக் 0.94இல் (மாக் 1 என்றால் ஒலி வேகம்) வாலில் இருந்து மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் செத்துப்போனது. ஸ்டிக்கை எவ்வளவு இழுத்தாலும் மூக்கு அசையவில்லை. இறங்கி வந்தவர் என்ன வேகத்தில் என்ன நடந்தது என்று அப்படியே சொன்னார். அதிர்வலை சரியாக எலிவேட்டரின் கீலில் போய் உட்காருகிறது என்று ரிட்லி கண்டுபிடித்து, அப்படியானால் வால் இறக்கை முழுவதையுமே அசைத்துப் பார்க்கலாம் என்றார். அடுத்து வந்த பல சூப்பர்சானிக் போர் விமானங்களின் வால் அப்படி ஆனதற்கு அந்த அறிக்கையும் ஒரு காரணம். எங்கள் ஹேங்கரிலும் அதுதான் பழக்கம், உனக்குத் தெரியும். விமானி இறங்கியதும் ஸ்னாக், அதாவது கண்ட கோளாறை, எழுத வேண்டும். கை தட்டலெல்லாம் அப்புறம்.

நம் மாருத் போர் விமானத்தை 1961இல் முதலில் பறக்கவிட்ட சுரஞ்சன் தாஸ் அந்த மாதிரிச் சோதனைப் பறப்பிலேயே 1970இல் உயிரை விட்டார். அவர் பேரில் இங்கே ஒரு சாலை இருக்கிறது. அதில் டிராஃபிக்கில் நிற்கிற யாரையாவது அவர் யாரென்று கேட்டுப் பார், உதட்டைப் பிதுக்குவார்கள்.

சரி, சண்டைக்கு வருகிறேன். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் அமெரிக்க ராணுவம் புகுந்து தேர்தல் சர்வரைத் தூக்கியது, அதில் வீரர்கள் செத்தார்கள் என்று ஓய்வு பெற்ற விமானப்படை ஜெனரல் ஒருவரே சொல்கிறார், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எழுதியிருந்தாய். உன்னிடம் ஒன்று கேட்கிறேன். யேகருக்கு முன்னாலேயே, அக்டோபர் 1ஆம் தேதி, ஜார்ஜ் வெல்ச் என்ற விமானி எக்ஸ்பி-86 போர் விமானத்தில் டைவ் அடித்து ஒலி வேகத்தைத் தாண்டிவிட்டார் என்று ஒரு கதை உண்டே. அதை நான் சொன்னபோது விடுதி வராந்தாவில் நீ என் சட்டையைப் பிடிக்காத குறை. வெல்ச்சும் சாதாரண ஆளா? பேர்ல் ஹார்பர் தாக்குதல் அன்றே மேலே ஏறிச் சண்டை போட்டவர். அதெல்லாம் இருக்கட்டும், அளந்தது யார், அந்தத் தாளைக் காட்டு என்றாய். யேகரிடம் தாள் இருந்தது. காக்பிட்டில் இருந்த மாக் மீட்டரின் முள் 1.0ஐத் தாண்டி ஓடியது, அதற்கு மேல் அதில் எண்ணே கிடையாது. 1.06 என்று சொன்னவை விமானத்துக்குள் இருந்த ரெக்கார்டரும் தரையில் இருந்த ரேடாரும். அன்றைக்கு அவர் வெறும் கேப்டன். தோளில் நட்சத்திரம் பிறகுதான் வந்தது.

இந்த ஜெனரலிடம் தாள் எங்கே? செத்தவர்களின் பெயர் எங்கே? அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறது ராணுவம். அங்கே எங்களுக்குச் சர்வரே இல்லை என்கிறது அந்தத் தேர்தல் மென்பொருள் கம்பெனி. கேழ்வரகில் நெய் வடிகிறது என்று தோளில் நட்சத்திரம் குத்தியவர் சொன்னால் மட்டும் வடிந்துவிடுமா? 2013இலேயே செத்துப்போன வெனிசுலா அதிபர் சாவேஸ் 2020 தேர்தலுக்கு மெஷின் செய்து வைத்தார் என்பதை நீ நம்புகிறாய் என்று நினைக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அரசாங்கம் மறைக்கும், நீயே அந்தக் கொரில்லா கதையைச் சொல்லியிருக்கிறாயே என்று மடக்குவாய். ஆமாம், மறைக்கும். 1942இல் அதே மூராக்கில் முதல் அமெரிக்க ஜெட்டைச் சோதித்தபோது தரையில் நிற்கையில் மூக்கில் பொய் புரொப்பெல்லர் மாட்டி வைத்தார்கள். பெல் கம்பெனி விமானி ஜாக் வூலம்ஸ் கொரில்லா முகமூடி, தொப்பி, வாயில் சுருட்டு சகிதம் பயிற்சி விமானிகளுக்குப் பக்கத்தில் போய்ப் பறப்பார். அவர்கள் திரும்பிப் போய் என்ன சொன்னாலும் குடித்துவிட்டுப் பார்த்தாய் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சதி இதுதான். ஆனால் அளவைப் பார். ஒரு பாலைவனம், ஒரு விமானம், வாய் மூடத் தெரிந்த கொஞ்சம் ஆட்கள், அதுவும் போர்க்காலம். போர் முடிந்த பிறகு அதே இடத்தில் யேகரின் பறப்பையும் ரகசியம் என்று முத்திரை குத்தினார்கள். அந்த டிசம்பருக்குள் ஒரு விமானப் பத்திரிகை அச்சடித்துவிட்டது. விமானப்படை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது 1948 ஜூனில். பாலைவனத்தில் பூட்டி வைத்த ஒற்றைச் செய்தி மூன்று மாதம் தாங்கவில்லை. இந்தத் தேர்தலில் ஜார்ஜியா மாநிலத்தின் 159 கவுன்ட்டிகளிலும் (நம் மாவட்டம் மாதிரி) உட்கார்ந்து சுமார் 50 லட்சம் காகித ஓட்டுகளைக் கையால் எண்ணினார்கள். பள்ளி வாத்தியார், ஓய்வு பெற்ற பாட்டி என்று ஊர் ஜனம். அத்தனை பேரும் வாய் திறக்காமல் இருக்கிறார்களா? மேற்பார்வை பார்த்த மாநிலச் செயலாளர் டிரம்பின் கட்சிக்காரர். எண்ணி முடித்தபோதும் பைடன் சுமார் 12,000 ஓட்டு முன்னால். முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி எதையும் பார்க்கவில்லை என்று இந்த மாதம் 1ஆம் தேதி சொன்ன வில்லியம் பார், டிரம்பே நியமித்த அட்டர்னி ஜெனரல். உடனே அவரும் விலை போய்விட்டார் என்று உன் வீடியோக்காரர் சொல்கிறார். எதிராக வருகிற ஒவ்வொரு ஆளையும் சதிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டால் அந்தச் சதிக்கு ஸ்னாக் எழுதுவது எப்படி?

யேகரைக் கும்பிடு என்றும் சொல்லவில்லை. கறுப்பின விமானி எட் ட்வைட் தன்னை அவர் நடத்திய விதம் பற்றிச் சொல்வதைப் படித்தேன். யேகர் மறுத்திருக்கிறார், ஆனாலும் ட்வைட் சொல்வது என் மனதை உறுத்துகிறது. 1971 போரில் அவர் பாகிஸ்தானில் இருந்தபோது யேகருடைய பீச்கிராஃப்ட் சிறு விமானத்தை நம் ஆட்கள் தரையிலேயே நொறுக்கியதும், அந்தக் கோபத்தை அவர் சுயசரிதை வரைக்கும் சுமந்ததும் உனக்குத் தெரிந்ததுதான். அந்தப் பக்கத்தைப் படித்து நாம் சிரித்த சிரிப்பு!

போன வாரம் உன் மகள் பேசினாள். சாப்பாட்டு மேசையில் இப்போது தேர்தல் பேச்சே கூடாது என்று தங்கச்சி சட்டம் போட்டிருக்கிறாளாம், ராத்திரி இரண்டு மணி வரைக்கும் நீ ஃபோனோடு உட்கார்ந்திருக்கிறாயாம். பெண் குரல் கம்மியது. நான் சொன்னேன் என்று அவளிடம் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவிக் கேட்டேன்.

சாவேஸ், பேர்ல் ஹார்பர் எல்லாவற்றையும் விடு. ஜார்ஜியாவுக்கு மட்டும் பதில் எழுது, வீடியோ வேண்டாம். தங்கச்சி கேட்ட மாவடு தயாராக இருக்கிறது. கூரியர்காரன் ஜனவரியில்தான் பார்சல் எடுப்பானாம், அவளிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
ரங்கசாமி